புனைமொழிக்கான ஒலிமாற்றக் கருவி: விதி பாதிச் சொல்லிலேயே நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். தமிழ் எழுத்திலேயே எழுதப்படும் புனைமொழி (கற்பனையாக உருவாக்கும் மொழி) ஒன்றை அமைத்து வருகிறேன். அதன் மூதாதை வடிவங்களிலிருந்து இன்றைய சொற்களைப் பெறுவதற்காகப் பைத்தானில் சிறிய ஒலிமாற்றக் கருவியை எழுதினேன். (லெக்சர்ஜி போன்ற ஆயத்தக் கருவிகள் இருப்பதை அறிவேன், கற்றுக்கொள்ளவே சொந்தமாக எழுதுகிறேன்.) இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் பகரம் வகரமாக வேண்டும் என்பது முதல் விதி. ரெஜெக்ஸில் (எழுத்து வரிசைகளைத் தேடி மாற்றும் வடிவக் குறிப்பு), முன்னே உயிரெழுத்து அல்லது உயிர்க்குறி, நடுவே ‘ப’, பின்னே உயிர்க்குறி என எழுதி, முன்னும் பின்னும் உள்ளவற்றைக் குழுக்களாகப் பிடித்து அப்படியே திருப்பி வைக்கிறேன். ‘அபாபி’ என்பது ‘அவாவி’ ஆகாமல் ‘அவாபி’ என்று நிற்கிறது. ‘தபரு’ சிறிதும் மாறவில்லை. விதியை இருமுறை ஓட்டினால் முதற்சொல் சரியாகிறது, ஆனால் அது முறையாகத் தோன்றவில்லை. பிழை எங்கே?

மறுமொழி 1:
இவை இரண்டு வெவ்வேறு பிழைகள். ‘தபரு’ என்பதில் தகரத்திலும் பகரத்திலும் உள்ள அகரத்திற்கு யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் தரும் கணினித் தரம்) தனிக் குறி கிடையாது என்பதால், தங்கள் விதி தேடும் உயிர் அங்கே எழுத்தாகவே இல்லை. ஆகவே விதிகளை ஓட்டுமுன் உயிர்மெய்களைப் பிரித்துவிடுங்கள். மெய்க்குப் பின் குறி வந்தால் அதை உயிரெழுத்தாக மாற்றுங்கள். புள்ளி வந்தால் நீக்குங்கள். இரண்டும் இல்லையென்றால் ‘அ’ சேருங்கள். ‘தபரு’ அப்போது ‘தஅபஅரஉ’ ஆகும். பார்க்க அழகில்லைதான், ஆனால் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரே குறியெண் (யூனிகோடு தரும் எண்) கிடைக்கும். புள்ளியை வைத்துக்கொண்டு மெய்களைச் சதுர அடைப்புக்குள் (ரெஜெக்ஸில் ‘இவற்றுள் ஏதேனும் ஓரெழுத்து’ என்று பொருள்) இட்டால், புள்ளி தனியொரு எழுத்தாகப் பொருந்தித் தொல்லை தரும். எல்லா விதிகளும் முடிந்த பிறகு ஒருமுறை மட்டும் சேர்த்தெழுதினால் போதும்.

மறுமொழி 2:
‘அபாபி’யின் காரணம் வேறு. முதற்பொருத்தம் ‘அபா’ முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அடுத்த தேடல் அதற்குப் பின்னிருந்தே தொடங்குவதால், இரண்டாம் பகரத்திற்கு முன்னே உயிர் எஞ்சுவதில்லை. இருமுறை ஓட்டுவது இந்த விதிக்குத் தீங்கில்லை என்றாலும், தன் விளைவின் மீதே மறுபடி செயல்படக்கூடிய விதிகளில் சொல்லைக் கெடுத்துவிடும். உயிர்களைக் குழுக்களாகப் பிடிக்காமல், முன்னதை லுக்பிஹைண்ட் (முன்னே உள்ளதைப் பார்க்கும் நிபந்தனை) ஆகவும் பின்னதை லுக்அஹெட் (பின்னே உள்ளதைப் பார்க்கும் நிபந்தனை) ஆகவும் எழுதுங்கள். அவை சரிபார்க்குமே தவிர எழுத்தை எடுத்துக்கொள்ளா. பைத்தானின் லுக்பிஹைண்ட் நிலையான நீளத்தையே ஏற்கும். மேலே சொன்னபடி பிரித்துவிட்டால் உயிர் எப்போதும் ஓரெழுத்தாகவே இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு சொற்களும் சரியாகிவிட்டன. ஆனால் பழைய கோப்பிலிருந்து எடுத்த ‘கொபு’ மட்டும் ‘கொவு’ ஆக மறுக்கிறது. அதையே நான் கையால் தட்டச்சு செய்தால் மாறுகிறது!

மறுமொழி 1:
இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் அடுத்தடுத்து வந்ததாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பின்னதில் கால் தனியே தங்கி, பகரத்திற்கு முன்னே நின்று விதியைத் தடுக்கிறது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றில் என்.எஃப்.சி. வடிவத்தை (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவம்) கேட்டு, பிரிப்பதற்கு முன்பே ஓட்டுங்கள்.

கேட்டவர்:
நீளம் பழையதில் 5, புதியதில் 4. நார்மலைஸ் செய்ததும் ‘கொவு’ வந்துவிட்டது.