நோட்டு திருத்தியும் அதே பிழைகள் திரும்ப வருகின்றன

தமிழாசிரியை_8
எட்டாம் வகுப்பு, 40 பேர். கட்டுரை நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் திருத்தி, கீழே குறிப்பும் மதிப்பெண்ணும் போடுகிறேன். மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள். எப்படித் திருத்தினால் பயன் இருக்கும்?

ஒற்றெழுத்து
மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துக் கொடுக்காதீங்க. கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் 1988 ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். கூடவே மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மதிப்பெண்ணை உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் திருத்தி முடித்த பிறகு சொல்லுங்க.

பிழையையும் நீங்களே திருத்திவிட்டால் அவர்களுக்கு என்ன வேலை? ஓரத்தில் குறியீடு போதும்: ‘ச’ சந்திப்பிழை, ‘எ’ எழுத்துப்பிழை. “அதை கேட்டான்” என்ற வரிக்கு நேரே ‘ச’ போடுங்க. “அதைக் கேட்டான்” என்று மாற்றுவது பிள்ளையின் பொறுப்பு. ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை, மிஞ்சினால் இரண்டு. நோட்டைக் கொடுக்கும் அன்றே முதல் 10 நிமிடம் திருத்தத்துக்கு மட்டும். அதை வீட்டுப்பாடமாக விட்டால் நடக்காது.

பின்னக்கணக்கு
கவனக்குறைவா, புரியாமையா என்று முதலில் பிரிக்கணும். 2/3 + 1/4 = 3/7 என்று போட்ட பிள்ளைக்கு “கவனமாகச் செய்” என்று எழுதி என்ன பயன்? “3/7 பெரிதா, 2/3 பெரிதா?” என்று கேளுங்க. கூட்டிய பிறகு விடை குறைந்திருப்பது கண்ணில் படும். அப்போதும் தானாகத் திருத்த முடியாவிட்டால் குறிப்பால் தீராது, மறுபடி பாடம்தான்.

தமிழாசிரியை_8
40 நோட்டுக்கும் இப்படி எழுத நேரம்? பாராட்டு எழுதலாமா?

கரும்பலகை
பேனா இல்லாமல் எல்லா நோட்டையும் ஒருமுறை புரட்டுங்க. பத்துப் பேருக்கு மேல் செய்த பிழையைப் பலகையில் எடுத்துவிட்டால் தனிக்குறிப்பு பாதியாகக் குறையும். ஆனால் குறியீடு எல்லோருக்கும் ஒத்துவராது. சந்தி விதியே தெரியாத பிள்ளைக்கு ‘ச’ வெறும் எழுத்துதான். ஓரிடத்தைத் திருத்திக் காட்டி, “இதே மாதிரி இந்தப் பத்தியில் இன்னும் இரண்டு இருக்கு, கண்டுபிடி” என்று எழுதுங்க.

பாராட்டு தாராளமாக எழுதலாம், ஆளை அல்ல, வேலையை. குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் பின்னூட்டம் (செய்த வேலையைப் பற்றிச் சொல்லும் கருத்து) குறித்த அறுநூறுக்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளைத் தொகுத்தபோது, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்தே இருந்தது. கவனம் வேலையிலிருந்து ‘நான்’ என்பதற்குத் திரும்புவது ஒரு காரணம் என்கிறார்கள். “கெட்டிக்காரி” வேண்டாம், “காரணத்தைச் சொல்லி உடனே உதாரணம் தந்ததால் இரண்டாம் பத்தி தெளிவாக இருக்கு” என்றால் அடுத்த கட்டுரையிலும் அதைச் செய்வாள்.