ஆ. சிவசுப்பிரமணியன் நூல்களை எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: சாயல்குடி வாசகர்

வணக்கம். சாயல்குடியில் நாங்கள் சிலர் மாதம் ஒரு நூலை எடுத்துக்கொண்டு கூடிப் பேசிவருகிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் பனையேறிக் குடும்பங்களையும் வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்களையும் சேர்ந்த கல்லூரி மாணவர்கள். இனி வரும் மாதங்களில் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களின் நூல்களையே வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது தெரியும். ஆய்வு நூல் எதையும் இதுவரை தொட்டிராத பிள்ளைகளுக்கு அவருடைய நூல்களில் எதை முதலில் கொடுக்கலாம்? எங்கள் இராமநாதபுரக் கடற்கரையைப் பற்றி அறிய அவர் எழுத்து மட்டும் போதுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், இராமநாதபுரம்

தம்பிக்கு வணக்கம். தயங்காமல் ‘உப்பிட்டவரை’ நூலைக் கொடுங்கள். தமிழ்ப் பண்பாட்டில் உப்பு பெற்ற இடத்தை, சங்க இலக்கியத்தில் வரும் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகளில் தொடங்கி, உப்பின் மீது விதிக்கப்பட்ட வரி, உப்பைச் சுற்றியுள்ள நம்பிக்கைகள், சடங்குகள் என்று விரித்துச் செல்லும் நூல் அது. உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கு அதில் புரியாத பக்கம் இருக்காது. வெயில் ஏறுவதற்கு முன்பே போய்ப் பாத்தி மிதித்துத் தரையை இறுக்குவதும், விளைந்த உப்பை வாரிக் கரையேற்றுவதும், உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடிப்பதும் அவர்கள் தாயிடமும் தந்தையிடமும் அன்றாடம் பார்ப்பவைதாம். தம் வீட்டு உழைப்பை அகநானூற்றில் உப்பு விற்கும் பெண்ணோடு சேர்த்து எண்ணிப் பார்க்க முடியும் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய திறப்பாக இருக்கும்.

அவர் எழுதிவந்த வழியையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஓய்வுக்குப் பிறகு பொழுது கிடைத்ததால் எழுத வந்தவர் அல்லர் அவர். பேராசிரியர் நா. வானமாமலையின் நெல்லை ஆய்வுக் குழுவில் பயின்றவர். நா.வா. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியபடியே, 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தம் கைப்பொருளைச் செலவிட்டு நடத்தியவர். நாட்டுப்புறப் பாடலும் கதையும் பழமொழியும் கல்வெட்டைப் போலவே வரலாற்றுச் சான்றுகள் என்று கற்பித்த பள்ளி அது. கல்லூரிப் பணியில் இருந்தபோதே, 1911இல் மணியாச்சியில் நடந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் கொலையைப் பற்றிச் சிவசுப்பிரமணியன் தனி நூல் எழுதிவிட்டார். 2001இல் ஓய்வு பெற்ற பின் வந்த நூல்களில் அந்தப் பயிற்சி கனிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஆவணம் பேசாத இடத்தில் பாட்டியின் சொல்லைச் சான்றாக நிறுத்தவும், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடை போடவும் அவர் கைக்கு நன்றாக வருகிறது.

மறுமொழி: தமிழாசிரியை, கீழக்கரை

நூலகர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கத்துக்கு ‘பனை மரமே! பனை மரமே!’ என்ற நூலையே முதலில் வைக்க வேண்டும் என்பேன். பனைக்கும் தமிழ்ச் சமூகத்துக்கும் உள்ள உறவை முழுவதுமாகச் சொல்ல முயலும் நூல் அது. உப்பளம் இல்லாத ஊர் அங்கே உண்டு; பனை இல்லாத ஊர் கிடையாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்காக என்பதும், காய்ச்சும்போது பாகின் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற ஒரு கணம் பிந்தினாலும் கருப்பட்டி கெட்டுவிடும் என்பதும் அந்த வீட்டுப் பெண்களுக்கு அத்துபடி. அந்த அறிவை அறிவென்று மதித்து ஒரு பேராசிரியர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று பிள்ளைகள் காண வேண்டும். முடிந்தால் ஒரு கூட்டத்துக்குப் பனையேறும் பெரியவர் ஒருவரையும் அழைத்து, சில பக்கங்களை அவர் முன் வாசித்துக் காட்டி, எது சரி, எது தங்கள் ஊரில் வேறு என்று கேளுங்கள். மரமேறுபவர்கள் குறைந்துவரும் காலம் இது. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

‘கிறித்தவமும் சாதியும்’ நூலைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள், ஆனால் விட்டுவிடவும் செய்யாதீர்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரும், 1910இல் அது இடிக்கப்பட்டதும், அதை ஒட்டிய வழக்கும் அதில் வருகின்றன. எவர் மீதும் காழ்ப்பின்றி, ஆனால் எதையும் மறைக்காமல் எழுதப்பட்ட நூல் என்பதால், மூன்று மதத்தாரும் கலந்து வாழும் நம் கரையில் அதைப் பொறுமையாக வாசிப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.

மறுமொழி: தொண்டி வாசகர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சிவசுப்பிரமணியன் அவர்களின் கள ஆய்வு பெரும்பாலும் நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தைச் சார்ந்தது. சேதுபதி மன்னர்கள் ஆண்ட இராமநாதபுரச் சீமைக்கு வரலாற்று ஆய்வாளர் டாக்டர் எஸ்.எம். கமால் அவர்களை உடன் சேர்த்து வாசிக்க வேண்டும். அவர் கல்லூரி ஆசிரியர் அல்லர். வருவாய்த் துறையில் பணியாற்றியவர். ‘சேதுபதி மன்னர் செப்பேடுகள்’, ‘முஸ்லீம்களும் தமிழகமும்’ ஆகிய இரண்டையும் விக்கிமூலத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். செப்பேட்டு நூலின் நடை மாணவர்களுக்குக் கடினமாக இருக்கும். ஆனால் தாங்கள் அறிந்த ஊர்ப் பெயர்கள் அதில் வரும்போது தாமே நிமிர்ந்து உட்கார்வார்கள். கமாலின் எழுத்தில் அரசும் கொடையும் முன்னால் நிற்கின்றன. சிவசுப்பிரமணியனிடம் உழைக்கும் மக்கள் முன்னால் நிற்கிறார்கள். ஒன்றை மட்டும் வாசித்தால் நம் கரையின் வரலாறு பாதியே கிடைக்கும்.

மறுமொழி: சாயல்குடி வாசகர்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி பனை நூலை முதலிலும், உப்பு நூலை அடுத்தும் வைத்துக்கொள்கிறோம். பெரியவர் ஒருவரிடம் பேசிவிட்டேன். பதநீர்ப் பருவம் முடிந்து கை ஓய்ந்ததும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதைப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்க்கும் வேலையை மாணவர்களிடமே ஒப்படைக்க எண்ணியிருக்கிறோம். கடலாடி, சிக்கல் பக்கத்திலிருந்து கலந்துகொள்ள விரும்புவோர் இங்கேயே எழுதுங்கள். நாள் முடிவானதும் தெரிவிக்கிறேன்.