ஸ்ட்ரோக் வந்த அப்பா ஜெபம் சொல்கிறார், தண்ணீர் கேட்கப் பேச்சு வரவில்லை. 7 மாதம் கழித்துப் பேச்சுப் பயிற்சி பலிக்குமா?

குலசேகரம் மகள்:
அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால்வெட்டு, அதில் பாதி கோட்டயம் பக்கம். போன ஆவணியில் விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பும்போது ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது வீட்டுக்குள் நடக்கிறார். பேச்சுதான் இல்லை. எதைக் கேட்டாலும் "நாளைக்கு". தண்ணி வேணுமாப்பா? நாளைக்கு. கால் வலிக்குதா? நாளைக்கு. தப்பாக வருகிறது என்று அவருக்கே தெரிந்து, இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.

ஆனால் பரமண்டல ஜெபத்தை எங்களோடு சேர்ந்து முழுக்கச் சொல்கிறார். ஒன்று, இரண்டு எண்ணவும் வருகிறது. அதனால் சொந்தக்காரர்கள் "வேணும்னே அடம் பிடிக்காரு" என்கிறார்கள். சிலர் புத்தி போய்விட்டது என்கிறார்கள். போன வாரம் ஒட்டுப்பால் எடுக்க வந்தவர் எடையைக் குறைத்துச் சொன்னபோது, திண்ணையிலிருந்து கையை ஆட்டித் தடுத்ததே அப்பாதான்.

காட்டிய ஆஸ்பத்திரியில் "6 மாதத்தில் வந்தது வந்ததுதான்" என்றார்கள். அப்படியா? வருகிற ஒன்றிரண்டு வேறு வார்த்தைகளும் மலையாளமாக இருக்கின்றனவே, ஏன்?

நாகர்கோவில் ஸ்பீச் தெரபிஸ்ட்:
தங்கச்சி, அடமும் இல்லை, புத்தியும் போகவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அபேசியா, மூளையில் மொழிக்கு விழுந்த அடி. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற ஒரே அசைதான் வந்தது. அவரும் பிறர் பேச்சைப் புரிந்துகொண்டவர்தான். ஜெபம், எண்ணிக்கை, பாட்டு எல்லாம் வாயில் ஊறிப்போனவை. சொல்லைத் தேடி, கோத்துச் சொல்வது வேறு வேலை. அதுதான் அப்பாவுக்கு அறுந்திருக்கிறது.

6 மாதக் கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் மாதங்களில் தேறுவது வேகமாக இருக்கும், அது சரி. ஆனால் ஜெர்மனியில் 6 மாதம் தாண்டிய 158 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் 3 வாரம் பயிற்சி. அன்றாடப் பேச்சு தேறியது, 6 மாதம் கழித்தும் அது நின்றது. வாரத்துக்கு அரை மணி நேரம் வந்துபோனால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

முதலில் முறையாகச் சோதிக்க வேண்டும்: புரிந்துகொள்வது, திரும்பச் சொல்வது, பொருளுக்குப் பெயர் சொல்வது, வாசிப்பு, எழுத்து. நாக்கு, உதட்டின் தளர்ச்சியா என்று தனியாகப் பார்க்க வேண்டும். காதும் கண்ணும் அவசியம். காது மந்தத்தைப் புரியாமை என்று எழுதிவிடுவார்கள். மலையாளத்திலும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். அதிகம் புழங்கிய மொழி முதலில் மீளும் என்று பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895-லேயே எழுதினார். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் கோட்டயத்து வருடங்களைக் கணக்கில் எடுக்காமல் உங்கள் அப்பாவை எடைபோட முடியாது. யாரிடம் போனாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, மலையாளத்துக்கும் வசதி.

குளச்சல் அக்கா:
மக்களே, எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். நான் செய்த பெரிய தப்பு, சாளையைத் தூக்கிக் காட்டி "இது என்ன, சொல்லுங்க" என்று பரீட்சை வைத்தது. நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன் அழுதுவிட்டார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு, "சாளையா, நெத்திலியா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டேன். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்க மாட்டேன். பதில் வரும், கையிலோ கண்ணிலோ, சில நாள் வார்த்தையிலோ.

குலசேகரம் மகள்:
நேற்று இரவு பால்வெட்டுக் கத்தியையும் சிரட்டையையும் மடியில் வைத்துக் காத்திருந்தேன், அக்கா. கத்தியை இடது கையில் எடுத்து, காற்றில் சரிவாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "வெ... வெட்டு" என்றார். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சோதனைக்குப் போகிறோம். வருகிற மலையாள வார்த்தைகளை எழுதிக் கொண்டுபோகட்டுமா?

நாகர்கோவில் ஸ்பீச் தெரபிஸ்ட்:
கண்டிப்பாக. எதைக் கேட்டபோது எந்த வார்த்தை வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். கத்தியையும் கொண்டுபோங்கள்.