பனிப்புயலில் மகள் வீடு: கரண்ட் போனால் என்ன செய்வது?

வெள்ளவத்தை அம்மம்மா:
மகள் குடும்பம் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில். நேற்று இரவிலிருந்து அங்கே கடும் பனிப்புயல், பள்ளிக்கூடமும் பூட்டு. மருமகன் வாசலை வழித்து முடிக்க முன்னமே பனி திரும்ப மூடிவிடுகிறதாம். பேரன் வீடியோவில் ஜன்னலைக் காட்டினான். கண்ணாடியில் பாதிவரை வெள்ளை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்கு நெஞ்சு பதைக்கிறது. கரண்ட் போனால் பாபிகியூ அடுப்பை உள்ளே வைத்துப் பற்றவைக்கலாம் என்கிறார் மருமகன். சரிதானா?

தெஹிவளைத் தம்பி:
வேண்டவே வேண்டாம் அக்கா, இப்பவே சொல்லுங்கள். கரியோ காஸோ வீட்டுக்குள் எரித்தால் காபன் மொனொக்சைட் சேரும். மணம் இல்லை, நிறம் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அப்போது நாங்கள் அங்கேதான் இருந்தோம். எல்லாரும் ஒரே அறையில் படுத்தோம். கதவு இடுக்கில் துவாயைச் சுருட்டி வைத்து, ஜன்னலுக்குக் கம்பளி கட்டினோம். பிள்ளைகளை நடுவில் விட்டோம்.

கொட்டாஞ்சேனை:
இன்னொன்று. ஹீட்டரின் புகைக்குழாய் வெளிச்சுவரில் இருந்தால் பனி அதை அடைக்காமல் பார்க்க வேண்டும். அடைத்தால் அதே நச்சு வாயு உள்ளே திரும்பும். குளிர் கூடினால் தண்ணீர்க் குழாயை நூல்போல ஒழுக விடட்டும், உறைந்து வெடிக்காது.

வெள்ளவத்தை அம்மம்மா:
பெரிய நன்றி தம்பிமாரே. இங்கே பின்னேரம் 3.30, அங்கே விடிய 5 மணி. இருந்தும் எடுத்துச் சொல்லிவிட்டேன். அடுப்பு வெளியிலேயே இருக்கும். காபன் மொனொக்சைட் அலாரத்துக்குப் புது பற்றரி போடுகிறார் மருமகன்.