பழைய டீசல் பிக்கப்: வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

வணக்கம். டெக்ஸாஸில் இருக்கிறேன். டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு) வாங்கியாயிற்று. தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து 8,500 பவுண்டு. இழுக்க 2015 ராம் 2500 ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 1,38,000 மைல் ஓடியது.

நேற்றுப் போய் பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. நான் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார் விற்கும் மனிதர். ஆறிக்கிடக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால்தானே புகையும் சத்தமும் தெரியும்? சனிக்கிழமை காலை நான் வரும்வரை சாவியைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. பின்தொட்டியின் நடுவில் கூஸ்நெக் பந்து (கனமான டிரெய்லர்களைத் தொட்டிக்குள்ளேயே கோக்கும் கொக்கி) மாட்டும் ஓட்டை இருக்கிறது, அதைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. கேட்டால், "எப்போதாவது சின்னப் படகு இழுத்தோம்" என்கிறார். சின்னப் படகுக்கு எதற்கு கூஸ்நெக்?

ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் ஆள், சாமான் சேர்த்து 1,950 பவுண்டுதான் ஏற்றலாம் என்று இருக்கிறது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும், அதுவும் இந்த 1,950-க்குள்தான் அடங்கவேண்டும். 1,100 என்று வைத்தாலும், நாங்கள் நால்வர் ஏறியபின் கூலர் பெட்டிக்கே கணக்குப் பார்க்கவேண்டும் போல.

நிறையப் பாரம் இழுத்த வண்டி என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எப்படிச் சோதிப்பது? ஆயில் கருகிய வாடை அடிக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதுமா? அப்புறம், சைலன்சர் குழாயில் புகை வடிகட்டியைக் கழற்றியிருந்தால் கீழே படுத்துப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.