மூங்கிலில் வெந்த கோழி

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், காப்பிட் வட்டாரப் பள்ளியொன்றில் நான் ஆசிரியராக இருந்த இரண்டாம் ஆண்டில், மாணவன் ஒருவனின் குடும்பத்தார் காவாய்த் திருநாளுக்குத் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் தங்கள் நீண்ட வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஈபான் உள்ளிட்ட டாயாக் பழங்குடி மக்களின் அறுவடைத் திருநாளான அது, 1965 முதல் ஜூன் 1ஆம் தேதி கொண்டாடப்படுகிறது. சமையல் முதல் நாளே தொடங்கிவிடும் என்பதால் மே 31 காலையிலேயே போய்ச் சேர்ந்தேன்.

அன்று செய்தது 'மானோக் பான்சோ'. மானோக் என்றால் கோழி. பான்சோ என்றால் மூங்கிலில் இட்டுச் சமைப்பது. மாணவனின் பாட்டிதான் எல்லாவற்றையும் மேற்பார்த்தார். (ஈபான் மொழியில் பாட்டியை 'இனி' என்று அழைப்பார்கள், எனக்கு அது பழகச் சில நாள் ஆயிற்று.) அன்று காலை வெட்டிய பச்சை மூங்கிலில், ஒரு முனை கணுவால் மூடியிருக்கும்படி நறுக்கிய துண்டுகளுக்குள், எலும்போடு வெட்டிய நாட்டுக் கோழி, நசுக்கிய செரை (எலுமிச்சைப் புல்), இஞ்சி, உப்பு ஆகியவற்றைத் திணித்து, வாயை மரவள்ளி இலைகளால் இறுக அடைத்தார். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. அம்மியில் அரைத்த மசாலாவோடு பினாங்கில் வளர்ந்த எனக்கு, இது காய்ச்சல்காரருக்கான பத்தியச் சாப்பாடாகவே தோன்றியது.

மூங்கில்களை நெருப்பின் மேல் சாய்த்து நிறுத்தி, ஒரே பக்கம் கருகிவிடாதபடி அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருந்தார்கள். பச்சைத் தோல் மெல்லப் பழுப்பேறி, இலையடைப்பின் இடுக்கில் சாறு நுரைத்துக் கொதிக்கத் தொடங்கியபோது வந்த மணம் கோழியின் மணம் மட்டுமன்று. புதிதாகச் சீவிய மூங்கிலின் இனிப்பும் அதில் கலந்திருந்தது. கிண்ணத்தில் கவிழ்த்தபோது இறைச்சியைவிடச் சாறே என்னைக் கவர்ந்தது. கோழியும் மூங்கிலும் விட்ட நீர்தான் அது. தெளிவாக, லேசான பச்சை வாடையோடு இருந்தது. அடைப்பாக வைத்திருந்த மரவள்ளி இலையும் நன்கு வெந்து கீரையைப்போல் குழைந்திருந்தது. பச்சையாகத் தின்றால் நஞ்சாகும் இலை என்பதால் அது நன்றாக வெந்தாக வேண்டும் என்பதில் 'இனி' கண்டிப்பாக இருந்தார். கூடவே சோறும், உப்பிட்டுப் புளிக்க வைத்த கடுகுக் கீரையான 'காசாம் என்சாபி'யும் வைத்தார்கள். அந்தக் கீரையின் காட்டமான புளிப்பு எனக்கு அன்று பிடிக்கவில்லை. மூன்றாம் முறை உண்டபோதுதான் பிடித்தது.

விடுமுறைக்கு ஊர் திரும்பியதும், வீட்டாருக்குச் சமைத்துக் காட்டும் ஆசையில், கொல்லையில் நெடுநாளாகக் கிடந்த மூங்கிலை நறுக்கிப் பயன்படுத்தினேன். கால் மணி நேரத்திற்குள் அது வெடித்து, சாறெல்லாம் நெருப்பில் கொட்டி, பாதி வெந்த கோழி சாம்பலில் விழுந்தது. பச்சை மூங்கிலில் இருக்கும் ஈரம்தான் உள்ளே வேகும்வரை அதை எரியாமல் காக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளி திறந்ததும் இனியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு, "விறகுக்குள்ளா கோழியை வைத்தீர்கள், சிக்கு?" என்று கேட்டார். ('சிக்கு' என்றால் ஆசிரியர்.)