1986 புல்லட்: டைமிங் கவர் பேக்கிங் இரண்டு முறை மாற்றியும் ஆயில் கசிவு நிற்கவில்லை

கேள்வி

வணக்கம். அப்பா ஓட்டிய 1986 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. இரும்பு பிளாக், வலது பக்க கியர், பாயிண்ட் செட் எல்லாம் பழையபடியே. எஞ்சினின் வலது பக்க மூடியான டைமிங் கவருக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது. ஒரு ராத்திரி நிறுத்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மெக்கானிக் கவர் பேக்கிங்கை (கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைப்பது) இரண்டு முறை மாற்றினார், இரண்டாவது தடவை பேஸ்ட்டும் தடவினார். ஒரு வாரம்தான் தாங்கியது. ஞாயிறு மட்டும் வண்டி எடுப்பேன். கிளம்பும் முன் அளவுக் குச்சியைப் பார்த்து, குறைந்திருந்தால் ஆயில் ஊற்றுவேன். இப்போது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார். அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த எஞ்சின், வீணாகப் பிரிக்க மனம் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1

தம்பி, இப்போதைக்கு எதையும் பிரிக்காதீர்கள். சொட்டுகிற இடத்தில்தான் கசிகிறது என்று நினைக்க வேண்டாம், ஆயில் மேலிருந்து வழிந்து வந்திருக்கலாம். எஞ்சினை டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வலது பக்கம் முழுக்க முகப்பவுடர் தூவுங்கள். ஸ்டாண்டு போட்டு பத்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்தால், முதலில் நனையும் இடம் பவுடரில் தெளிவாகத் தெரியும். ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் காற்று ஆயிலைப் பின்னால் இழுத்து எல்லா இடத்திலும் பூசிவிடும்.

மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிப் பைப்பை முதலில் பாருங்கள். அதைப் பிடிக்கும் துளை போல்ட்டின் செம்பு வாஷர் பழசானால் இறுகிப்போய் கசியும்.

பதில் 2

எனக்கு உங்கள் அளவுக் குச்சி மேல்தான் சந்தேகம். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க், கிரான்க் சுழலும் அடிப்பெட்டியான கிரான்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாக மெல்ல கிரான்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் குச்சி குறைவாகக் காட்டும், ஆனால் ஆயில் உள்ளேதான் இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால், ஓட ஆரம்பித்ததும் இறங்கியது திரும்பி வந்து அளவு மீறிவிடும். ஓட்டி வந்த பிறகே குச்சி பாருங்கள்.

அப்புறம் பிரீதர் குழாய். ஒற்றை பிஸ்டன், 346 சிசி. அது கீழே வரும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு காற்றும் கிரான்க் கேஸுக்குள் அமுங்கும். அதை வெளியே விடுவது பிரீதர்தான். அதிலுள்ள ரப்பர் வால்வு வாத்து அலகு மாதிரி இருக்கும், காற்றை வெளியே மட்டும் விடும். அது ஒட்டிக்கொண்டாலோ குழாய் மடிந்தாலோ, அழுத்தம் பலவீனமான பேக்கிங்கைத் தேடிப் போகும். புது பேக்கிங் ஒரு வாரம் தாங்கி மறுபடி விடுவது இதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

கேட்டவர்

அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. பவுடரில் முதலில் நனைந்தது ராக்கர் பைப்பின் மேல் போல்ட்தான். அங்கிருந்து ஃபின் (எஞ்சினைக் குளிர்விக்கும் தகடுகள்) வழியாக டைமிங் கவருக்கு இறங்குகிறது. கவர் ஓரமும் கொஞ்சம் ஈரம். பிரீதர் குழாயைக் கழற்றினேன். பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் நசுங்கியிருந்தது, ரப்பர் வால்வு கல் மாதிரி இறுகியிருந்தது. ஓட்டி வந்து குச்சி பார்த்தால் மேல் கோட்டுக்கு விரல் அகலம் அதிகம்.

பதில் 1

நல்லது. அதிகமானதை இறக்குங்கள், வால்வும் குழாயும் புதிதாகப் போடுங்கள். செம்பு வாஷர் புதிது கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். போல்ட்டை அளவாக இறுக்குங்கள், அதிகம் போனால் முறிந்துவிடும். டைமிங் கவரை இப்போது தொடாதீர்கள், அழுத்தம் குறைந்தால் தானாக நிற்கிறதா என்று பார்க்கலாம்.

கேட்டவர்

மூன்று ஞாயிறு, ஏறக்குறைய 200 கி.மீ. ஓட்டிவிட்டேன். தரையில் விரித்த அட்டையில் இரண்டு பொட்டு மட்டுமே, அதுவும் இடது பக்கம், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடும் செயின் கேஸுக்குக் கீழே. டைமிங் கவர் காய்ந்தே இருக்கிறது. ஹெட்டை இறக்கவில்லை.

பதில் 2

செயின் கேஸ் வெளி மூடியை நடுவில் ஒரே நட்தான் பிடிக்கிறது. கசிகிறதே என்று அதை மேலும் இறுக்கினால் மூடி வளைந்து ஓரம் விலகும். சுற்றி வரும் ரப்பரை மட்டும் மாற்றுங்கள்.